வெயிலுக்கு முந்திக்கொண்டு ஒரு பள்ளத்தாக்கு உலா

மே மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே பல்லவிதான். "வெளியே போகாதே, வெயில்!" குழந்தைகளும் எத்தனை நாள்தான் மின்விசிறிக்கு அடியில் கிடப்பார்கள்? முதல் வாரம் தாயக்கட்டை, பல்லாங்குழி, இரண்டாவது வாரம் டி.வி., மூன்றாவது வாரம் கைப்பேசி. நாலாவது வாரம் அண்ணனும் தங்கையும் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு சண்டை. நடுவில் நாம் அடுப்படிக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருப்போம். மதுரை வெயிலைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? நூறு டிகிரியைத் தாண்டினாலும் அது இங்கே செய்தியே இல்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன் சகோதரிகளே. வெயில் ஊரில் பிறந்துவிட்ட காரணத்துக்காகக் குழந்தைகளுக்கு ஆறும் மரமும் அருவியும் இல்லாமல் போக வேண்டியதில்லை. வெயிலின் போக்கைத் தெரிந்துகொண்டு, அதற்கு முந்திக்கொண்டு கிளம்பினால் போதும். மதுரையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டரில் தேனி. அங்கிருந்து இன்னும் நாற்பது கிலோமீட்டரில் கம்பம். ஒரு பக்கம் கேரள எல்லை மலைகள், மறு பக்கம் மேகமலை, வருசநாட்டு மலைகள். நடுவில் நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையுமாகப் பச்சைப் பாய் விரித்ததுபோல் கிடக்கிற பள்ளத்தாக்கு. வைகாசிக் கடைசியில், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்திய வாரம், நாங்கள் ஐந்து பேர் அங்கே மூன்று நாள் போய்வந்தோம். நானும் என் கணவரும், ஏழு வயதுப் பெரியவன், மூன்று வயதுச் சின்னவள், அப்புறம் என் மாமியார்.

மாமியார் முதலில் சம்மதிக்கவில்லை. "வேகாத வெயில்ல புள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஊர் சுத்தறதா?" என்றார். "இல்லை அத்தை, வெயிலில் சுற்றப் போவதில்லை. மதினி வீட்டில் தங்கிக்கொண்டு காலையிலும் சாயந்திரமும் மட்டும் வெளியே போகப் போகிறோம்" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "எங்க காலத்துல வீரபாண்டித் திருவிழாவுக்கு விடியறதுக்கு முன்னாடியே வண்டி கட்டிருவாக. வெயில் வாறதுக்குள்ள மாட்டை அவுத்து நெழல்ல கட்டியாச்சு" என்றார். நான் சொல்ல நினைத்ததும் அதேதான்!

கடிகாரம்தான் குடை

எங்கள் உலாவுக்கு ஒரே ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம். காலை ஆறு முதல் பத்தரை வரை வெளியே. பதினொன்று முதல் மூன்றரை வரை கூரைக்கு அடியிலோ, அடர்ந்த மர நிழலிலோ. நாலு மணிக்கு மேல் மறுபடி வெளியே. இந்தச் சட்டத்தை யாருக்காகவும் தளர்த்துவதில்லை. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, இதையும் பார்த்துவிட்டுப் போவோம்" என்று மத்தியான வெயிலில் இழுத்துக்கொண்டு போகிறபோதுதான் குழந்தைகள் வாடிப்போகிறார்கள்.

பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு சீக்கிரம் சூடாகும். வியர்வையால் உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளும் சக்தி அவர்களுக்குக் குறைவு. விளையாட்டு மும்முரத்தில் தாகம் எடுப்பதும் தெரியாது. அதனால் கேட்டால் கொடுப்போம் என்று இருக்காமல், அரை மணிக்கொரு தடவை நாமாகவே நாலு வாய் தண்ணீர் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை இருந்தால், எவ்வளவு வெயிலானாலும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர் வேண்டாம். அடிக்கடி பால் கொடுத்தால் போதும். ஆனால் பால் கொடுக்கிற தாய் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

மூட்டையில் என்ன வைத்தேன்?

பயணத்துக்குக் கட்டுச்சோறு நம் பாட்டிமார் காலத்து வழக்கம். இப்போதும் அதற்கு ஈடு இல்லை. வெயில் காலத்தில் தேங்காய்ச் சட்னி, தேங்காய்ச் சாதம் பக்கம் போகாதீர்கள்; மத்தியானத்துக்குள் ஊசிப்போகும். இட்லிக்கு நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவி அடுக்கினேன். குழந்தைகளுக்கு எண்ணெயில் பருப்புப்பொடி. நல்ல புளிக்காய்ச்சல் போட்ட புளியோதரை ஒரு தூக்கு. தயிர்ச் சாதத்துக்கு ஒரு சின்ன யுக்தி: சூடு ஆறிய குழைந்த சாதத்தில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டு, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் சேர்த்துப் பிசையுங்கள். சாப்பிடுகிற நேரத்துக்குப் புளிக்காமல் பதமாக இருக்கும். காலையில் கட்டினதை மத்தியானமே தீர்த்துவிட வேண்டும், ராத்திரிக்கு மிச்சம் வைக்கக்கூடாது.

குடிக்க, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். தவிர உப்பும் பெருங்காயமும் போட்ட நீர்மோர் ஒரு கூஜா. வழியில் விற்கிற கலர் ஐஸ், ஐஸ்கட்டி போட்ட சர்பத் எல்லாம் எந்தத் தண்ணீரில் செய்ததோ, யார் கண்டது? அதற்குப் பதிலாக நுங்கு, இளநீர், வெள்ளரிப் பிஞ்சு. வைகாசியில் தேனிச் சாலை நெடுக இவை கிடைக்கும். காயைக் கண்ணெதிரே வெட்டச் சொல்லி வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பழைய நூல் புடவை. சிரிக்காதீர்கள்! அந்த ஒரு புடவை என்னென்ன செய்தது தெரியுமா? அருவிக் கரையில் இரண்டு பேர் பிடித்துக்கொண்டால் உடை மாற்ற மறைப்பு. வேனில் ஜன்னலோரம் கட்டினால் வெயிலுக்குத் திரை. மர நிழலில் விரித்தால் பாய். மத்தியானம் மாமரக் கிளையில் கட்டினால் சின்னவளுக்குத் தூளி. நனைத்துப் பிழிந்து போர்த்தினால் உடம்புக்குக் குளிர்ச்சி. விலை உயர்ந்த குடை, கூடாரம் எதுவும் இதற்கு ஈடாகாது.

உடை விஷயத்தில், வெளிர் நிறத்தில் தளர்வான பருத்திச் சட்டை, விளிம்பு அகன்ற தொப்பி, காலுக்குப் பிடிப்பான செருப்பு. ஊருக்குப் போகிறோம் என்று குழந்தைக்கு நைலான் கவுனும் ஜிகினாச் சட்டையும் போட்டு வேர்க்குருவை வரவழைக்காதீர்கள்.

முதல் நாள்: ரயிலும் வைகை அணையும்

மதுரையிலிருந்து தேனிக்குக் காலை ரயிலில் போனோம். இந்தப் பாதைக்கு ஒரு கதை உண்டு. 1928-ல் போட்ட மதுரை–போடி ரயில் பாதை. மீட்டர்கேஜாக இருந்ததை அகலப் பாதையாக்க 2010 கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து 2022 மே மாதம்தான் தேனிக்கு மறுபடி ரயில் வந்தது. 2023 ஜூனில் போடி வரை நீண்டது. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயை ரயில் நெருங்கும்போது இரண்டு பக்கமும் மலை கிட்டே வருகிறது பாருங்கள், பெரியவன் ஜன்னல் கம்பியை விட்டு நகரவே இல்லை. பஸ்ஸில் வாந்தி எடுக்கிற குழந்தைகளுக்கு ரயில் பெரிய வரப்பிரசாதம். எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு, அம்மாவுக்கு மடி மிச்சம்.

மத்தியானம் தேனியில் உறவினர் வீட்டில் சாப்பாடு, தூக்கம். நாலு மணிக்குக் கிளம்பி வைகை அணை போய்ச் சேர்ந்தோம். 1959 ஜனவரியில், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது திறந்த அணை இது. 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். ஆற்றின் இரண்டு கரையிலும் பூங்கா, பூச்செடிகள், குழந்தைகளுக்கு ஊஞ்சல், சறுக்குமரம். சாயந்திரக் காற்று நீர்ப்பரப்பைத் தொட்டுக்கொண்டு வரும்போது, மதுரையில் இப்படி ஒரு காற்று உண்டா என்று தோன்றுகிறது.

ஒரு எச்சரிக்கை. இரும்புச் சறுக்கு எதுவானாலும் குழந்தையை ஏற்றுவதற்கு முன் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். நாள் முழுக்க வெயிலில் காய்ந்த இரும்பு, சாயந்திரமும் தோசைக்கல் மாதிரி இருக்கும். குட்டைப் பாவாடையும் டிராயரும் போட்ட குழந்தையின் தொடை பொசுங்கிவிடும். பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து ஊற்றிக் குளிரவைத்த பிறகுதான் சின்னவளை ஏற்றினேன்.

அங்கேதான் பெரியவன் கேட்டான்: "அம்மா, இந்தத் தண்ணி எங்க போகும்?"

"நம்ம வீட்டுக்குத்தான் வருது. மதுரையில் நாம் குடிக்கிற தண்ணீர் இங்கேயிருந்துதான் வருகிறது" என்றேன்.

"அப்போ இது எங்கேயிருந்து வருது?"

அந்த ஒரு கேள்வியே எங்கள் மூன்று நாளுக்கும் வழிகாட்டியாகிவிட்டது. வீட்டுக் குழாய்த் தண்ணீருக்குப் பிறந்த வீடு எது என்று தேடிக்கொண்டு, மறுநாள் மலையை நோக்கிக் கிளம்பினோம்.

இரண்டாம் நாள்: பந்தலுக்கு அடியில் ஒரு காலை

ராத்திரியே கம்பத்தில் மதினி வீட்டுக்குப் போய்விட்டோம். விடியற்காலை ஐந்தரைக்கு எழுப்பினால் குழந்தைகள் எழுந்திருப்பார்களா என்று நினைத்தேன். "திராட்சைத் தோட்டம்" என்று காதில் சொன்னதும் இரண்டு பேரும் துள்ளி எழுந்துவிட்டார்கள்.

கம்பம் பன்னீர் திராட்சை கேள்விப்படாதவர்கள் இருக்க முடியாது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்த ரகத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மற்ற ஊர்களில் திராட்சைக்கென்று ஒரு பருவம் உண்டு. இங்கே ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு சமயத்தில் கவாத்து பண்ணுவதால் வருஷம் பூராவும் எங்கேயாவது ஒரு பந்தலில் பழம் தொங்கிக்கொண்டே இருக்கும். கம்பத்திலிருந்து சுருளி போகிற வழியில் பந்தல் பந்தலாகப் பார்க்கலாம்.

மதினிக்குத் தெரிந்தவர்கள் தோட்டத்தில் நுழைந்தோம். வெளியே வெளிச்சம் ஏறிக்கொண்டிருக்க, பந்தலுக்கு அடியில் மட்டும் பச்சை நிழல். தலைக்கு மேலே கறுப்புக் கறுப்பாகக் கொத்துகள். சின்னவள் அப்பாவின் தோளில் ஏறி ஒரு பழத்தைப் பறித்து வாய்க்குக் கொண்டுபோனாள். தோட்டக்கார அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"ஏந் தாயி, அப்படியே திங்கக்கூடாது! மருந்து அடிச்சிருக்கு. வா, ஆத்தா கழுவித் தாரேன்."

ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, கல்லுப்புப் போட்டுக் கொத்தை அதில் முக்கி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, வேறு நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசிக் கொடுத்தார். கடையில் வாங்குகிற திராட்சைக்கும் இந்தக் கழுவல் அவசியம்தான்.

இன்னொன்றும் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு முழுத் திராட்சையைக் கொடுக்காதீர்கள். அதன் உருண்டையும் வழவழப்பும் பிஞ்சுத் தொண்டையை அப்படியே அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நாலாக நறுக்கி, விதையை எடுத்து, உட்காரவைத்துக் கொடுங்கள். ஓடிக்கொண்டே தின்ன விடாதீர்கள். வேர்க்கடலைக்கும் நுங்குத் துண்டுக்கும் இதே கவனம் வேண்டும்.

சுருளியில் என் பங்கு

எட்டு மணிக்குச் சுருளி. கம்பத்திலிருந்து பத்து கிலோமீட்டர்தான். மேகமலைக் காட்டிலிருந்து இறங்கி வருகிற அருவி. இந்தக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. யானை நடமாட்டம் இருந்தாலோ, தண்ணீர் வரத்து அதிகமானாலோ வனத்துறையினர் அருவியை மூடிவிடுவார்கள். கிளம்பும்போதே உள்ளூர்க்காரர்களிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க ஏகப்பட்ட கூட்டம் வரும். கைக்குழந்தையோடு அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. காட்டுக்குள் பிளாஸ்டிக் பை வேண்டாம், எவர்சில்வர் டப்பாவே போதும். தின்பண்டத்தைக் குழந்தை கையில் கொடுத்து நடத்திக் கூட்டிப்போகாதீர்கள். குரங்குகள் பிடுங்க வந்து பயமுறுத்தும்.

மர நிழலில் நடந்து அருவியை அடைந்ததும் முகத்தில் சாரல் பட்டது பாருங்கள், சின்னவளுக்கு முதலில் பயம். குழந்தையை நேரே அருவிக்கு அடியில் பிடிக்கக்கூடாது. காது, மூக்கு எல்லாம் அடைத்து அலறிவிடும். முதலில் ஓரமாகக் கால் நனைத்து, பிறகு கையால் அள்ளித் தலைக்கு விட்டு, பழகின பிறகு மடியில் வைத்துக்கொண்டு சாரலில் உட்கார்ந்தால், அதுவே சிரித்துக்கொண்டு இன்னும் உள்ளே இழுக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். குடும்பத்தோடு எந்த நீர்நிலைக்குப் போனாலும் நாம் என்ன செய்கிறோம்? கரையில் உட்கார்ந்து செருப்பையும் துணியையும் தூக்குச் சட்டியையும் காவல் காக்கிறோம். எல்லாரும் குளித்துவிட்டு வந்தால் துவட்டிவிடுகிறோம், பரிமாறுகிறோம், பாத்திரம் கழுவுகிறோம். வீட்டு வேலையையே இடம் மாற்றிச் செய்கிறோம், அவ்வளவுதான்! அன்றைக்கும் நான் துணி மூட்டையோடு பாறையில் உட்கார்ந்தேன். மாமியார் பார்த்தார்.

"நீ என்னத்துக்கு உக்காந்திருக்க? புள்ளைகள அவன் பாக்கட்டும், மூட்டைய நான் பாக்குறேன். போ, போய் நனை."

"இருக்கட்டும் அத்தை..."

"என்னத்த இருக்கட்டும்? நான் இந்தக் கம்பத்துலயே பொறந்து வளந்தவ. இந்த அருவியில நான் குளிச்சது என் கல்யாணத்துக்கு முந்தி. அப்புறம் எல்லாரும் குளிச்சாக, நான் துணி காத்தேன். நீயும் அப்படி இருக்காத."

அருவிக்கு அடியில் போய் நின்றேன். தலையில் யாரோ பலமாகத் தட்டுகிற மாதிரி இருந்தது. கழுத்து வலி, தோள் வலி எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பத்து நிமிஷம் யாரும் "அம்மா" என்று கூப்பிட்டது என் காதில் விழவே இல்லை. வெளியே வந்ததும் நான் மூட்டையை வாங்கிக்கொண்டு மாமியாரின் கையைப் பிடித்துத் தண்ணீருக்கு அழைத்துப்போனேன். ஓரமாக, முழங்கால் நனைகிற இடத்தில் உட்காரவைத்தோம். பேரன் சின்னச் சொம்பால் பாட்டி தலையில் தண்ணீர் ஊற்றினான். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, இந்தப் பயணத்துக்கு வேறு எந்தப் பலனும் வேண்டாம் என்று தோன்றியது.

குழாய்த் தண்ணீரின் பிறந்த வீடு

பத்தரைக்கு அருவியை விட்டுக் கிளம்பி, மத்தியானம் மதினி வீட்டில் நல்ல தூக்கம். நாலரைக்குக் கூடலூர் வழியாக லோயர் கேம்ப். குமுளி மலைக்கு அடிவாரம் இது. மலைச்சரிவில் நாலு ராட்சசக் குழாய்கள் இறங்கி வருவதைக் கீழிருந்தே பார்க்கலாம். பெரியவனுக்குப் பிரமிப்பு. "இதுதாண்டா நம்ம வீட்டுக் குழாய்க்குத் தாத்தா" என்றார் அவன் அப்பா.

மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீரை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்கம் வெட்டிக் கிழக்கே திருப்பினார்கள். 1887-ல் ஆரம்பித்து 1895-ல் முடித்தார்கள். கருங்கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும்தான் கட்டுமானம். நட்ட நடுக் காட்டில் மலேரியாவுக்கும் வெள்ளத்துக்கும் எத்தனையோ கூலியாட்கள் பலியானார்கள். முன்னின்று நடத்திய இஞ்சினீயர் பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. 2013 ஜனவரியில் திறந்தார்கள். அவர் பிறந்தது 1841 ஜனவரி 15. தைப் பொங்கலை ஒட்டி வருகிற நாளாதலால், இந்தப் பள்ளத்தாக்கில் அவருக்கும் பொங்கல் வைக்கிறார்கள். வீட்டில் அவர் படத்தை மாட்டியிருப்பவர்களும், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு.

இந்தத் தண்ணீர்தான் மின்சாரம் எடுத்த பிறகு முல்லையாறாக ஓடி, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்ந்து, வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயிலைத் தொட்டுக்கொண்டு, தேனிக்கு அப்பால் வைகையோடு கலந்து, நேற்றுப் பார்த்த அணைக்கு வருகிறது. பெரியவன் ஒரு காகிதத்தில் மலை, குழாய், ஆறு, அணை, கடைசியில் எங்கள் வீட்டுக் குழாய் என்று வரிசையாகப் படம் போட்டுக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் எத்தனை பாடம் நடத்தினாலும் இது இப்படி மனசில் பதியுமா, சொல்லுங்கள்!

மூன்றாம் நாள்: கும்பக்கரையில் ஒரு விசில்

திரும்புகிற வழியில் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை. கொடைக்கானல் மலையின் அடிவாரம். அகன்ற வழுவழுப்பான பாறைகள் மேல் தண்ணீர் வழிந்து, ஆங்காங்கே குட்டம் குட்டமாகத் தேங்கி ஓடும். பார்க்க ரொம்ப சாதுவாக இருக்கும். அதுதான் ஆபத்து. பாறையில் பாசி வழுக்கும், குட்டத்தின் ஆழம் வெளியே தெரியாது. அனுமதிக்கப்பட்ட இடத்தில் மட்டும், குழந்தைக்கு ஒரு கை தூரத்தில் ஒரு பெரியவர் இருந்துதான் குளிக்க வேண்டும். "எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். எங்களில் முறை வைத்துக்கொண்டோம். யார் முறையோ அவர் கைப்பேசியைத் தொடக்கூடாது.

காலை பத்து மணி இருக்கும். எங்கள் தலைக்கு மேலே பளிச்சென்று வெயில். மலை உச்சியில் மட்டும் கறுப்பாக மேகம். திடீரென்று காவலர் விசில் ஊதிக்கொண்டே வந்தார். "எல்லாரும் மேல ஏறுங்க! மேல மழை!" என் கணவர் பெரியவனைத் தூக்கிக்கொண்டு உடனே கரையேறிவிட்டார். அவனோ "மழையே இல்லையேப்பா!" என்று ஒரே அழுகை. அந்தப் பக்கப் பாறையில் ஓர் இளம் தாய், இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு பையன். "ரெண்டே நிமிஷம், சோப்புப் போட்டாச்சு" என்றார். காவலர் கேட்கவில்லை. தண்ணீரில் இறங்கிப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணின் கையையும் பிடித்து இக்கரைக்குக் கூட்டிவந்துவிட்டார்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. தெளிந்த தண்ணீர் டீ நிறமாயிற்று. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. இரைச்சல் கூடியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பாறை தண்ணீருக்குள் போய்விட்டது. அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. சோப்பு நுரை காயாத பையனைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். என் மாமியார் போய்த் தன் முந்தானையால் பையன் தலையைத் துவட்டிவிட்டார்.

நம் தலைக்கு மேல் மழை பெய்தால்தான் வெள்ளம் வரும் என்பதில்லை, சகோதரிகளே. மலையில் பெய்கிற கோடை மழை பாறையில் ஊறாமல் மொத்தமாக இறங்கிவிடும். தண்ணீர் கலங்குவது, சருகு மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது – இதில் ஒன்றைக் கண்டாலும் விசிலுக்குக் காத்திராமல் கரையேறுங்கள். சோப்பும் செருப்பும் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

உடம்பு சொல்லும் அடையாளங்கள்

குழந்தை வழக்கத்துக்கு மாறாகச் சிணுங்கினாலோ, விளையாட்டை விட்டுப் படுத்தாலோ, நாக்கு வறண்டாலோ, ஐந்தாறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, போனாலும் கடும் மஞ்சளாக இருந்தாலோ, உடம்பில் நீர் குறைகிறது என்று அர்த்தம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடையைத் தளர்த்தி, ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்ட பொட்டலம்தானா என்று பார்த்து வாங்க வேண்டும். கையில் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்துகொள்ளுங்கள். அளவு கூடக்கூடாது.

உடம்பு கொதித்து, பேச்சுக் குழறி, மயங்கினாலோ வலிப்பு வந்தாலோ அது வெப்பத் தாக்கு. 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை உடம்பு முழுவதையும் தண்ணீரால் நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாத குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. இன்னொன்று, "ஒரு நிமிஷம்தானே" என்று நிறுத்திய காருக்குள் குழந்தையை விட்டுவிட்டுப் போகவே கூடாது. கண்ணாடி மூடிய கார் நிமிஷத்தில் அடுப்பாகிவிடும்.

எப்போது, எங்கே?

ஆனி, ஆடியில் இந்தப் பள்ளத்தாக்கில் காற்றும் சாரலும் சேர்ந்துகொள்ளும். கூடலூர், கம்பம் பக்கம் குளுகுளுவென்று இருக்கும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் சின்னமனூரிலிருந்து மேகமலை போகலாம். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுக்கும் பூக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைப் படித்துக்கொண்டே போனால் பிள்ளைகளுக்கு வாந்தி நினைவே வராது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மட்டும் ஏறாதீர்கள். ஆனால் மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கிற மலைகளில் நடைப்பயணம் வேண்டாம். 2018 மார்ச்சில் போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறக்க முடியுமா? வனத்துறை அனுமதி இல்லாத பாதையில் குழந்தையோடு ஓர் அடியும் வைக்காதீர்கள்.

செலவு என்று பார்த்தால் ரயில், பஸ், கொஞ்சம் வேன் வாடகை, இளநீர், திராட்சை. சாப்பாட்டில் பெரும்பகுதி நம் கட்டுச்சோறு. உறவினர் வீடு இல்லாதவர்களுக்குத் தேனியிலும் கம்பத்திலும் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. மத்தியானத்துக்கு ஒரு நல்ல நிழல் உறுதியாகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

அடுத்த லீவுக்கு நீங்களும் திட்டம் போடுங்கள். பால்காரருக்கும் பேப்பர்காரருக்கும் சொல்லிவிட்டு, முதல் நாள் ராத்திரியே புளிக்காய்ச்சல் கிளறி வைத்துவிட்டு, அலாரத்தை நாலரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை கட்டும்போது உங்களுக்கும் ஒரு மாற்றுப் புடவை எடுத்து வைக்க மறந்துவிடாதீர்கள்!